ஹஸ்லர்: கரைச்சல் ஹைபிரிட்டில இல்லை, பொனற்றுக்குள்ள இருக்கிற பற்றறியில

சுசூகி ஹஸ்லர் வைச்சிருக்கிற ஆக்களிட்ட யாழ்ப்பாணத்தில எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான்: "ஹைபிரிட் பற்றறி போனா எவ்வளவு முடியும்?" கன வருசமா இந்தக் காரை ஓடுறன். முன் சீற்றுக்குக் கீழ இருக்கிற அந்த லிதியம் பற்றறி எனக்கு இண்டுவரைக்கும் ஒரு கரைச்சலும் தரேல்லை. என்ர உயிரை எடுத்தது பொனற்றைத் திறந்தவுடன கண்ணில படுற ஈயப் பற்றறி. எல்லாக் காரிலயும் இருக்கிற அதே 12 வோல்ற் சாமான். போன கிழமை திரும்பவும் மாத்தினது அதைத்தான். அந்தச் சூடு ஆறமுன்னம் எழுதிப்போட வேணும் எண்டு இருக்கிறன்.

என்ரது முதல் வடிவம், எம்ஆர்41எஸ். ஹஸ்லர் ஜப்பானில 2014 ஜனவரியில வந்தது, 2015 மேயில எஸ்-எனிசார்ஜ் எண்ட சின்ன ஹைபிரிட் முறையைப் பூட்டி விட்டவை, அந்த ரகம். 658 சிசி, ரேர்போ இல்லை, 52 குதிரைவலு, சிவிடி எண்ட ஓட்டோ கியர். மிச்ச விபரமெல்லாம் கார் தேடுற ஆக்களுக்கு மனப்பாடமா இருக்கும். ஒண்டை மட்டும் சொல்லுறன், ஏனெண்டா இதை விளங்காமத்தான் கனபேர் பயப்பிடுகினம். இது பிறியஸ் மாதிரித் தனி மின்சாரத்தில ஓடுற கார் இல்லை. பற்றறிக்குச் சார்ஜ் குடுக்கிற அல்டனேற்றர் இருக்கவேண்டிய இடத்தில ஐஎஸ்ஜி எண்ட ஒரு மோட்டர், பெல்ற்றால என்ஜினோட சேர்ந்து சுத்துது. அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தா மின்சாரம் சேர்க்கும். மிதிச்சா கொஞ்ச நேரம் தள்ளிக் குடுக்கும். காரை நிப்பாட்டினா என்ஜினை அணைச்சு, திரும்ப எழுப்பும். மோட்டரின்ர வலு 1.6 கிலோவாட் மட்டும். நாலு பேரோட மேட்டில ஏறேக்க, சைக்கிள் கரியரில ஒராள் கை வைச்சுத் தள்ளின மாதிரி ஒரு உதவி. அதுக்கு மேல எதிர்பார்க்கக்கூடாது.

தள்ளிக் குடுக்கிறது எனக்குப் பெரிசில்லை. எனக்குப் பிடிச்சது அந்த அணைச்சு எழுப்பிறதுதான்.

எங்கட வீடு கொக்குவில் கிழக்கு. படிப்பிக்கிற பள்ளிக்கூடம் காரைநகரில. வீட்டில இருந்து கேகேஎஸ் றோட்டுக்கு ஏறவேணும் எண்டா றெயில் பாதையைக் கடக்கவேணும், காலமையில கேற் பூட்டியிருந்தா நிக்கத்தான் வேணும். பிரேக்கை மெல்லமா அமத்திக்கொண்டு போக, வேகம் 13 கிலோமீற்றருக்குக் கீழ இறங்கினவுடன, கார் முழுசா நிக்கமுன்னமே என்ஜின் அடங்கிடும். மீற்றரில ஒரு பச்சை விளக்கு எரியும். பக்கத்தில ஓட்டோ படபடக்கும், பின்னால பஸ் உறுமும், எங்கட காருக்குள்ள ஏசிக் காத்து வாற சத்தம் மட்டும்தான். ஏசியின்ர கொம்பிறசர் என்ஜினோட சேர்ந்து நிண்டிடும், ஆனா குளிர் உடன போகாது. குளிரைப் பிடிச்சு வைக்கிற ஒரு பொருளை ஏசிக்குள்ள வைச்சிருக்கினம், அதுக்கு எகோ கூல் எண்டு பேர். கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். சித்திரை வெயிலில கெதியா முடிஞ்சிடும், அது உண்மை. காத்து வெக்கையாகத் தொடங்க, என்ஜின் தானா எழும்பும்.

எழும்பிறதுதான் இந்தக் காரின்ர அருமை. காலமை முதல் தரம் ஸ்ராட் பண்ணேக்க மட்டும் வழமையான ஸ்ராட்டர் கிர்ரெண்டு கத்தும். பிறகு என்ஜினை எழுப்பிறது முழுக்க ஐஎஸ்ஜி, பெல்ற்றால சுத்தி. சத்தமில்லை, உதறலில்லை. ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க முன் சீற்றில கண்ணயர்ந்த அம்மா, கேற்றடியில என்ஜின் நிண்டதும் தெரியாம, எழும்பினதும் தெரியாம டவுண் மட்டும் நித்திரை. இதைவிட விலை கூடின, ஸ்ராட்டராலயே திரும்ப எழுப்பிற கார்களில இருந்திருக்கிறன், ஒவ்வொரு தரமும் ஒரு குலுக்குக் குலுக்கும். இது செய்யாது.

இப்ப பற்றறிக் கதைக்கு வாறன்.

முதல் பற்றறி ஜப்பானில இருந்து காரோட வந்தது. அது பலங்குறைய, டவுணில ஒரு கடைக்குப் போனன். ஐடில் ஸ்டொப், அதுதான் அந்த அணைச்சு எழுப்பிற வேலை, உள்ள காருக்கெண்டு வாற பற்றறிதான் வேணும் எண்டு வாய் திறந்து சொன்னனான். கழட்டினதையும் திருப்பி அதில இருந்த எழுத்தைக் காட்டினனான். "இதுவும் அதுதான் ரீச்சர், யோசிக்காதேங்கோ" எண்டு ஒண்டைப் பூட்டி விட்டவை. அளவு சரி, முனை சரி, காரும் ஒரு அடியில ஸ்ராட் வந்துது. கொஞ்ச நாள் ஒண்டும் தெரியேல்லை. பேந்து பச்சை விளக்கு வாறது குறையத் தொடங்கிச்சுது. கேற்றடியில என்ஜின் அணையும், மூச்சு விடமுன்னம் திரும்ப எழும்பும். கடைசியில அணையிறதையே விட்டிட்டுது. திரும்பக் கொண்டு போனா, மீற்றரைப் பிடிச்சுப் பார்த்திட்டு, "12.6 காட்டுது, பற்றறி திறம். உங்கட ஹைபிரிட்தான் போட்டுது" எண்டு சொல்லிச்சினம். அந்த ஒரு வசனத்துக்குத்தான் எனக்குக் கோவம் இன்னும் அடங்கேல்லை. விசயம் தெரியாத ஒரு ஆளெண்டா அண்டைக்கே பயந்து காரை விக்கப் போட்டிருக்கும்.

சும்மா நிக்கிற பற்றறி 12.6 காட்டுறதில என்ன இருக்கு? சாதாரணப் பற்றறி செய்தது, ஒருக்கா பலமா உதைச்சு என்ஜினை ஸ்ராட் பண்ணிப்போட்டு, பிறகு அல்டனேற்றர் தாறதை வாங்கிக்கொண்டு இருக்கிறதுக்கு. ஐடில் ஸ்டொப் காரில அப்பிடி இல்லை. என்ஜின் நிக்கிற ஒவ்வொரு தரமும் விளக்கு, காத்தாடி, பாட்டுப்பெட்டி எல்லாத்துக்கும் லிதியத்தோட சேர்ந்து இதுவும் குடுக்கவேணும். கார் வெளிக்கிட்டவுடன குடுத்ததைக் கெதியா நிரப்பவேணும். இப்பிடி நாள் முழுக்க. அதுக்கெண்டு தகடு தடிப்பா, கெதியா சார்ஜ் ஏறுற மாதிரிச் செய்து வாற பற்றறி வேற. அந்த வேலையைச் சாதாரணத்திட்டக் குடுத்தா அது சீக்கிரம் களைச்சுப்போகும். எங்கட ஊர் வெக்கை வேற ஈயப் பற்றறியின்ர ஆயுளைத் தின்னும். பற்றறிக்குப் பலம் காணாது எண்டு தெரிஞ்சா கார் என்ஜினை அணைக்காது, அணைச்சாத் திரும்ப எழுப்பேலாமப் போகலாம் எண்ட முன்யோசனை. அது பழுதில்லை. கார் தன்ர வேலையைச் சரியாத்தான் பார்த்துது.

கோண்டாவில் பக்கம் சின்னக் கராஜ் வைச்சிருக்கிற ஒரு பொடியன்தான் ஸ்கானரைப் பூட்டிப் பார்த்து விசயத்தைச் சொன்னவர். சரியான பற்றறியைக் கொழும்பில இருந்து எடுப்பிச்சு, பூட்டினாப் பிறகு புதுப் பற்றறி எண்டதைக் காரின்ர கொம்பியூட்டருக்கும் அறிவிச்சு விட்டார். அது செய்யாட்டி பழசின்ர கணக்கையே வைச்சுக்கொண்டு நிக்குமாம். ஐஎஸ்ஜி பெல்ற்றையும் விரலால அமத்திப் பார்த்தவர். சும்மா பெல்ற் இல்லை, என்ஜினை எழுப்பிறதும் அதாலதான், அதனால கையில அகப்பட்டதைப் போடவேண்டாம் எண்டார். அடுத்த நாள் காலமை கேற்றடியில பச்சை விளக்கு எரிஞ்சுது.

காசைக் கேட்டா, சாதாரணத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இனித்தான் எனக்கும் மற்ற ஆக்களுக்கும் வாக்குவாதம். "ஸ்ரேரிங்குக்கு வலப்பக்கம் ஐடில் ஸ்டொப்புக்கு ஓஃப் சுவிச் இருக்கு ரீச்சர், அதை அமத்திப்போட்டுச் சாதாரணப் பற்றறியோட ஓடுங்கோ. இஞ்ச என்ன கொழும்பு மாதிரி ட்ரபிக்கே?" எண்டு சொல்லாத ஆளில்லை. கணக்குப் பார்த்தா அவை சொல்லுறது பிழையில்லை. யாழ்ப்பாணத்தில ஒரு கேற், ஆசுப்பத்திரியடி, பின்னேரம் பள்ளிக்கூடம் விடுற நேரத்துச் சந்தி, இவ்வளவுதான் நிக்கிற இடம். அங்க மிச்சம் பிடிக்கிற பெற்றோலால அந்தப் பற்றறியின்ர மேலதிகக் காசு வராது, நான் அதுக்கு எதிர்த்துக் கதைக்கேல்லை. ஆனா அந்தச் சுவிச் ஒவ்வொரு தரமும் காரைப் போடேக்க திரும்ப அமத்தவேணும், அதை விடுங்கோ. காசு குடுத்து வாங்கின காரில ஆகப் பிடிச்ச விசயத்தை நானே அணைச்சுப்போட்டு ஓட வேணுமோ? மாட்டன்.

மற்ற விசயங்களைக் கெதியாச் சொல்லுறன். அகலம் 1475 மில்லிமீற்றர், எங்கட ஒழுங்கையளுக்கு அளந்து செய்த அளவு. எதிரில தண்ணி பவுசர் வந்தாலும் வேலியை உரசாம ஒதுங்கலாம். நிலத்தில இருந்து உயரம் 180 மில்லிமீற்றர், மாரியில ஒழுங்கை முழுக்கத் தண்ணி நிக்கேக்க வாகன்ஆர்காரர் தயங்கிற இடத்தால நான் போயிருக்கிறன். ஆனா லிதியம் பற்றறி சீற்றுக்குக் கீழ இருக்கிறபடியா, கதவு மட்டத்துக்கு வெள்ளம் எண்டா திரும்பிப் போங்கோ. பெற்றோல் ஒக்ரேன் 92 போதும். ஜப்பான் கற்றலொக்கில லீற்றருக்கெண்டு போட்டிருக்கிற 32 கிலோமீற்றரை மறந்திடுங்கோ, அது சோதனைக்கூடத்துக் கணக்கு. எனக்கு ஏசியோட பள்ளிக்கூடப் பாதையில 19, 20 வரும். 2022 இல பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு அளந்து குடுத்த காலத்தில, அந்தக் கணக்குத்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூடப் படிப்பிக்கிற ரண்டு பேரையும் ஏத்திக்கொண்டுதான் போனனான்.

பொன்னாலைப் பாலத்தில சோளகக் காத்து அடிக்கேக்க ஸ்ரேரிங்கை இரண்டு கையாலயும் பிடிக்கவேணும். உயரம் கூட, அகலம் குறைய, பாரமும் இல்லை, காத்து பக்கத்தால தள்ளும். உப்புக் காத்து எண்டபடியா அடிப்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணியால கழுவுறனான். ஏ9 இல நிறையச் சனத்தோட லொறியை முந்திறதெண்டா முன்கூட்டியே யோசிக்கவேணும், 52 குதிரை அவ்வளவுதான். முறிகண்டியில நிண்டு தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கி, ஆறுதலாப் போற ஆக்களுக்கு அது குறையாத் தெரியாது. ரயர் அளவு 165/60ஆர்15, கடைக்குப் போய்க் கேட்டவுடன எடுத்துத் தருகினமில்லை, முன்னமே சொல்லிவைக்கவேணும். பின்சீற் முன்னுக்கும் பின்னுக்கும் இழுபடும். அதை முன்னுக்கு விட்டா, மாம்பழக் கூடையும் ஒரு மூடை அரிசியும் பின்னால வடிவா இருக்கும்.

சாவகச்சேரியில இருக்கிற மச்சாள் ஒரு ஹஸ்லர் பார்த்து வைச்சிருக்கிறா, எடுக்கட்டோ எண்டு கேக்கிறா. இவ்வளவையும் புகழ்ந்துபோட்டு இப்பிடிச் சொல்லுறது அவவுக்கு வியப்பா இருக்கும்: எடுக்காதேங்கோ மச்சாள். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, 2025 பெப்ரவரியில திறந்து விட்டவை, எண்டாலும் பழைய ஹஸ்லருக்கு இண்டைக்குக் கேக்கிற விலை 660 சிசிக் காருக்குக் குடுக்கிற விலையே இல்லை. அதோட, ஒரு பற்றறியைச் சரியாப் பூட்டுவிக்கிறதுக்கு இந்த ஊரில நான் பட்ட பாட்டை இன்னொரு ஆள் படக்கூடாது. காரில பிழையில்லை. காரை விளங்கிக்கொண்ட ஆக்கள் கைவிரல் விட்டு எண்ணுற அளவுதான், அது எனக்கு இண்டைக்குப் பெரிய விசயமாத் தெரியுது.

அப்பிடியும் எடுக்கத்தான் போறன் எண்டா, காலமை குளிருக்குள்ள போய்ப் பார்க்காதேங்கோ. மத்தியானம் போங்கோ. விக்கிற ஆள் ஓஃப் சுவிச்சை அமத்தி வைச்சிருக்கிறாரோ எண்டு முதல் பாருங்கோ. ஏசியைப் போட்டு, என்ஜின் நல்லாச் சூடாகிற வரைக்கும் ஓடி, பிறகு மெல்லமா பிரேக் பிடிச்சு நிப்பாட்டிப் பச்சை விளக்கு எரியுதோ பாருங்கோ. வெக்கைக்கு ஏசி என்ஜினை அணைய விடாமப் பிடிச்சு வைச்சிருக்கும், அதனால ஒருக்கா எரியாட்டி ஏசியைக் குறைச்சுத் திரும்பப் பாருங்கோ. அப்பவும் எரியேல்லையெண்டா "ஹைபிரிட் போட்டுது" எண்டு ஆர் சொன்னாலும் நம்பவேண்டாம். பொனற்றைத் திறந்து, உள்ள இருக்கிற பற்றறி ஐடில் ஸ்டொப்புக்கு உரியதோ எண்டு அதின்ர மேல எழுதியிருக்கிறதை வாசிச்சுப்போட்டு, எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. கோண்டாவில் பொடியனிட்ட நான் கூட்டிக்கொண்டு போறன்.