கடைக் கணினியில் ஐந்து வருடம்: டிபெண்டரும் நானும்

மல்லாவியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது முப்பது பென் டிரைவ் இந்தக் கணினியில் ஏறி இறங்கும். தவணைப் பரீட்சை வினாத்தாள், கிராம சேவகரிடம் கொடுக்கிற படிவம், சுயவிபரக்கோவை எல்லாம் அதில்தான் வரும். வைரஸும் அதில்தான் வரும். 2021 இல் விண்டோஸ் 10 போட்டதிலிருந்து அதனோடு இலவசமாக வருகிற டிபெண்டர் மட்டும்தான். காசு கொடுத்து அன்ரிவைரஸ் எதுவும் வாங்கவில்லை.

முதலில் கெட்ட கதை. போட்டு ஏழெட்டு மாதம் இருக்கும், ஒரு ரீச்சர் வந்தார். "தம்பி, நேற்று இங்க குத்தினாப் பிறகு என்ர போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டா மாறிப்போச்சு. திங்கள் சோதினை." செருகிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அம்புக்குறி. அழித்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து நின்றன. விண்டோஸ் போட்டுத் தந்தவருக்கு போன் எடுத்தால், "போர்மட் அடிக்க வேணும், கொண்டாங்கோ" என்கிறார்.

டிபெண்டர் ஏன் பிடிக்கவில்லை என்று திறந்து பார்த்தால், நிகழ்நேரப் பாதுகாப்பு நிறுத்திக் கிடக்கிறது. போதாததற்கு சி டிரைவ் முழுவதையும் பார்க்காதே என்று விலக்குப் பட்டியலில் வேறு போட்டிருக்கிறது. காசு கட்டாத கிராக் ஒபிஸை ஓட வைக்க, விண்டோஸ் போட்டுத் தந்தவர் செய்த வேலை. நாயைக் கட்டிவிட்டுப் படலையைத் திறந்து வைத்த மாதிரி. காசு மிச்சம் என்று சம்மதித்தவன் நான்தான், அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வைரஸ் போல்டர்களை அழிப்பதில்லை. மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட் வைக்கும். அதை அழுத்தினால் வைரஸும் ஓடும், உள்ளே இருக்கிற போல்டரும் திறக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கணினிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டே இருந்து, செருகுகிற ஒவ்வொரு பென்னிலும் இதைச் செய்யும். அது ஓடும்வரை ஷோர்ட்கட்டை அழித்துப் பயனில்லை.

விலக்குப் பட்டியலைத் துடைத்து, பாதுகாப்பைப் போட்டு, அப்டேட் பண்ணினேன். பிறகு இன்ரர்நெட்டைக் கழற்றிவிட்டு ஒப்லைன் ஸ்கான் கொடுத்தேன். விண்டோஸ் எழும்ப முன்னமே தேடுகிற வகை இது, அதனால் வைரஸுக்கு ஒளிய இடமில்லை. கால் மணித்தியால வேலை என்பார்கள், என் பழைய ஹாட் டிஸ்க்கில் அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. கரண்ட் போய்விடுமோ என்று பக்கத்துக் கடை யூபிஎஸ்ஸை இரவல் வாங்கி வைத்திருந்தேன். பிடித்தது. பென்னையும் ஸ்கான் பண்ணி, கட்டளைச் சாளரத்தில் அட்ரிப் கட்டளையைக் கொடுத்து மறைப்பை நீக்கியதும் ரீச்சரின் வினாத்தாள் அப்படியே வந்தது. போர்மட் அடித்திருந்தால் கடைக் கோப்புகள்தான் போயிருக்கும்.

அதற்குப் பிறகு பெரிய பிரச்சினை இல்லை. குறை இல்லாமலும் இல்லை. முழு ஸ்கான் கொடுத்தாலும் அது வழமையில் பென்னைப் பார்க்காது. வலது கிளிக் பண்ணி தனியாகக் கொடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. நாலு ஜிபி ராம் உள்ள கணினியில் முழு ஸ்கான் ஓடினால் பிரிண்ட் கூடக் கொடுக்க ஏலாது, ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் போடுவேன். போன் ஹொட்ஸ்பொட்டில் இருக்கிற நாட்களில் அப்டேட் டேட்டாவைக் குடித்துவிடும்.

வைரஸ் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வைரஸே இல்லை. ஒரு அண்ணை கடிதம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாய்ப் போச்சு என்று பதறி வந்தார். 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டுகிற பாமினி எழுத்துரு அவருடைய லப்டொப்பில் இல்லை, அவ்வளவுதான். போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. இந்தக் கணினி 11 ஐ ஏற்காது. பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பில் சேர்ந்து 2026 ஒக்ரோபர் வரை ஓட்டுகிறேன். அதற்குள் வேறொன்று வாங்க வேண்டும். அதே ரீச்சர் மகனின் லப்டொப்பைத் தரவா என்று கேட்டிருக்கிறார். "ஒபிஸ் எல்லாம் ஓசியில போட்டிருக்கு தம்பி" என்றார். அதைத்தான் முதலில் கழற்றுவேன்.