ஏறியது ஒரே நாளில், இறங்குவது 26 மாதமாக: பாலிமயால்ஜியாவும் பிரெட்னிசோலோனும்

எனக்கு அப்போது 67 வயது. ஒரு நாள் காலை படுக்கையில் புரள முடியவில்லை. தோள் இரண்டும் மரக்கட்டை. கட்டிலின் விளிம்பைப் பிடித்து மெல்ல நகர்ந்து, முழங்காலைத் தரையில் ஊன்றி, அங்கிருந்து நாற்காலியைப் பற்றி எழுந்தேன். பதினொரு மணிக்குள் ஓரளவு சரியாகிவிட்டது. மறுநாள் காலை மறுபடி அதே கதை. இடுப்பும் தொடையும் சேர்ந்துகொண்டன.

முதலில் பார்த்த மருத்துவர் தோள் இறுகிப்போய்விட்டது என்று சொல்லி, வலி மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் போனது. இரண்டு தோளும் ஒரே வாரத்தில் எப்படி இறுகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பிறகு போன வாதநோய் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "காலையில எழுந்ததும் அந்த இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆகுதும்மா?" மூன்று மணி நேரம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரண்டு அளவுகளும் ஏறியிருந்தன: ஈ.எஸ்.ஆர். 78, சி.ஆர்.பி. 46. முடக்குவாதத்துக்கான இரண்டு பரிசோதனைகளிலும் ஒன்றுமில்லை. தசை சேதமானால் ஏறும் சி.கே. அளவும் இயல்பாகவே இருந்தது. தோளை ஸ்கேன் செய்ததில், மூட்டைச் சுற்றியுள்ள நீர்ப்பைகளில் வீக்கம் தெரிந்தது. பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்றார். பெயரின் பொருள் 'பல தசைகளில் வலி'. ஆனால் தசையில் கோளாறே இல்லை, வீக்கமெல்லாம் மூட்டைச் சுற்றித்தான். 1957-இல் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் இது வரும். எழுபதுகளில் அதிகம், அதிலும் பெண்களுக்கு அதிகம்.

எதனால் வந்தது என்ற கேள்வி என்னை ஒரு வருடம் விடவில்லை. வலி தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பு கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தது. அதற்கும் மூன்று வாரம் முன்பு தடுப்பூசி போட்டிருந்தேன். இடையில் வீடு மாறியதில் அலமாரிகளைத் தூக்கி இறக்கியதும் உண்டு. போதாக்குறைக்குக் கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் வேறு. ஒவ்வொருவரையும் கூண்டில் ஏற்றி விசாரித்தேன். ஸ்டாட்டின் தசைவலி தரக்கூடிய மருந்துதான் என்பதால் மருத்துவர் அதைச் சில வாரம் நிறுத்திப் பார்த்தார். இறுக்கம் இம்மியும் குறையவில்லை, ஆக அது விடுதலை. மற்றவை பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: வயதும் மரபணுவும் தளம் போட்டுக் கொடுக்கின்றன. ஏதோ ஒரு தொற்று தூண்டியிருக்கலாம் என்ற சந்தேகம் வெகுகாலமாக உண்டு, ஆனால் இன்ன கிருமி என்று நிரூபணமாகவில்லை. தடுப்பூசிக்குப் பிறகு வந்ததாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. அடுத்தடுத்து நடந்தது என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. புற்றுநோய்க்குத் தரும் சில நோயெதிர்ப்பு மருந்துகளால் இதே மாதிரி வலி வருவது மட்டும் தெளிவாகத் தெரியுமாம். "காரணம் தெரிஞ்சாலும் மாத்திரை இதேதான்" என்று முடித்துவிட்டார். எனக்கு இன்றும் அந்தக் காய்ச்சல் மேல்தான் சந்தேகம்.

இனி மாத்திரை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, 15 மி.கி., காலையில் ஒரே வேளை. தொடக்க அளவு வழக்கமாக 12.5-க்கும் 25-க்கும் இடையில் இருக்குமாம். முதல் மாத்திரை போட்ட மறுநாள் காலை யோசிக்காமல் கையைத் தூக்கித் தலை சீவினேன். பாதி சீவிய பிறகுதான் உறைத்தது. என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாதம் பட்டது 24 மணி நேரத்தில் போய்விட்டால் யாருக்கும் அந்த மாத்திரை மேல் பக்தி வந்துவிடும். எனக்கும் வந்தது. வலி போனதும் நோயே போய்விட்டது என்று நம்பினேன். அதுதான் பிறகு வினையானது.

முதல் மூன்று வாரம் 15, அடுத்த மூன்று வாரம் 12.5, பிறகு 10-இல் ஐந்து வாரம், அதன்பின் மாதம் ஒரு மி.கி. குறைப்பு. ஆறாவது மாதம் 7-க்கு வந்தேன். முகம் உப்பிவிட்டது, சர்க்கரை ஏறியிருந்தது, ஓயாத பசி. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வலிதான் இல்லையே என்று யாரிடமும் சொல்லாமல் 7-இலிருந்து நேரே 5-க்குப் போனேன். பத்தாம் நாள் மறுபடி நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். மருத்துவர் திட்டவில்லை. 8-க்கு ஏற்றி, "நீங்க நோயை விரட்டலம்மா, மூடி போட்டு வச்சிருக்கீங்க. அது அடங்குற வேகத்துலதான் மூடியைத் திறக்கணும்" என்றார். ஒன்றிலிருந்து இரண்டு வருடம் மாத்திரை தேவைப்படுவது சாதாரணம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று அன்றுதான் என் காதில் விழுந்தது. முதல் நாளே சொல்லியிருப்பார், நான்தான் கேட்டிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தினமும் இரண்டே எண்கள்: மாத்திரையின் அளவு, எழுந்ததிலிருந்து அலமாரியின் மேல்தட்டைக் கை தொடும்வரை ஆகும் நிமிடங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் என் பதில் மனநிலைக்குத் தக்கபடி மாறும். நிமிடம் மாறாது. குறைப்பதையும் ஒரே நாளில் செய்வதில்லை. முதல் வாரம் ஒரு நாள் மட்டும் புதிய அளவு, அடுத்த வாரம் இரண்டு நாள் என்று ஒரு மி.கி. குறைப்பை ஒரு மாதத்துக்கும் மேல் பரப்பினோம். மருத்துவரின் ஒப்புதலோடுதான்.

4-க்கு வந்தபோது வேறொரு குழப்பம். காலை இறுக்கம் இல்லை, ஆனால் நாள் முழுக்கச் சோர்வு, மொத்த உடம்பும் அடித்துப் போட்டாற்போல் வலி. நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் சி.ஆர்.பி. இயல்பாக இருந்தது, ஆக நோய் திரும்பவில்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருந்தது. மருத்துவர் காலை நேரக் கார்டிசாலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அளவைக் குறைக்காமல் 4-லேயே நான்கு மாதம் வைத்திருந்தார். சுரப்பி மெல்ல விழித்தது. இதனால்தான் இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது என்கிறார்கள். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் ஸ்டீராய்டில் இருக்கிறேன் என்று சொல்ல, ஒரு அட்டை எப்போதும் கைப்பையில் இருக்கிறது.

பக்கவிளைவுகளில் தூக்கம்தான் என்னைப் படுத்தியது. காலையில் மறந்துபோய் மாலை ஆறு மணிக்குப் போட்ட அன்று, இரவு இரண்டு மணிக்கு அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தேன். எலும்பு தேயாமல் இருக்கக் கால்சியம், வைட்டமின் டி, வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை. அது வெறும் வயிற்றில் ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. கண்புரை, கண் அழுத்தம் இரண்டுக்கும் வருடா வருடம் பரிசோதனை. அளவு 5-க்குக் கீழே போனதும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

இந்த நோய் இருப்பவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டாலே உச்சந்தலையில் வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ராட்சத செல் தமனி அழற்சி என்று இதற்கு ஒரு கூட்டாளி உண்டு. பாலிமயால்ஜியா உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் வரை அதுவும் வரக்கூடும், பார்வையை நிரந்தரமாகப் பறித்துவிடும். அதற்கு 40, 60 மி.கி. என்று எடுத்த எடுப்பிலேயே பெரிய அளவு தேவைப்படும். எனக்கு ஒருமுறை தலைவலி வந்து இரவோடு இரவாக ஓடினேன். சாதாரணத் தலைவலிதான். ஓடியதற்கு வெட்கப்படவில்லை.

ஸ்டீராய்டைக் குறைக்கவே முடியாதவர்களுக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தைச் சேர்ப்பதுண்டு. சாரிலுமாப் என்ற ஊசியை இந்த நோய்க்குத் தர 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருளின் வேலையை அது மறிக்கிறது. மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தேன். நோட்டைப் புரட்டிவிட்டு, உங்களுக்கு வேண்டாம், இறங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்றார்.

இப்போது 2 மி.கி. இன்று காலை ஏழு நிமிடம். போன வாரம் ஒரு நாள் இருபது ஆனது, முந்தைய நாள் தோட்டத்தில் குனிந்து வேலை செய்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த குறைப்பை இன்னொரு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.