குறை என்று போட்டிருந்தார், அதற்காகவே வாங்கினேன்

அந்தக் கால அமெரிக்கக் கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும், பாக்ஸ் (Fox) என்ற அமெரிக்கப் படக் கம்பெனியின் ஓர் ஊமைப்படத்துக்கான விளம்பரக் கண்ணாடி ஸ்லைடு இது. இணைய ஏலத்தில் ஓர் அமெரிக்க வியாபாரியிடம் எடுத்தேன். 31 டாலர், தபாலுக்கு 22. "அடியில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்" என்று குறையாகப் போட்டிருந்தார். அதனால்தானோ என்னவோ, போட்டிக்கு யாரும் வரவில்லை.

எனக்கு வேண்டியதே அந்தக் கிறுக்கல்தான். அந்தக் காலத்தில் ஸ்லைடு கம்பெனிகள் அடியில் ஒரு பட்டையை வெறுமையாக விட்டு அனுப்பும். தியேட்டர்காரர் அதில் தேதி எழுதி, ரீல் மாற்றும் நேரத்தில் திரையில் காட்டுவார். என்னுடையதில் வெள்ளி, சனி என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் மேலே தூக்கி எழுதியிருக்கிறார் மனுஷன். எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் 'இன்றே கடைசி' ஸ்லைடு எழுதியவன் நான். எனக்கும் அந்த 'சி' அடங்கவே அடங்காது.

அளவு 4 அங்குல அகலம், 3¼ அங்குல உயரம். இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்து ஓரத்தில் கறுப்புக் காகித நாடா ஒட்டியிருக்கிறது. படம் ஒன்றில்தான், மற்றது வெறும் மூடி. வண்ணம் கையால் தீட்டியது. கழுத்துத் துணியின் சிவப்பு கோட்டைத் தாண்டிக் கன்னத்தில் ஏறியிருக்கிறது, அதுவும் அழகுதான். 1937இல் நியூ ஜெர்சியில் பாக்ஸ் கிடங்கு எரிந்து, அந்தக் கம்பெனியின் ஊமைப்படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. மிக்ஸின் படங்களும் நிறைய அதோடு சரி.

இப்போது பேக்கிங். செய்தித்தாளில் சுற்றி, ஒரு காகித உறைக்குள் போட்டு, அவ்வளவுதான்! மூலைக்கு மூலை விரிசல். நல்லவேளை, மூடிக் கண்ணாடியில். படக் கண்ணாடி உடைந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும்போது விரிசல் எதில் என்று கேட்டுவிடுங்கள். வியாபாரியிடம் கேட்டால், "இங்கிருந்து நன்றாகத்தான் போனது" என்றார். நான்கு புகைப்படம் அனுப்பிய பிறகு தபால் செலவை மட்டும் திருப்பினார். போட்டோ பிரேம் கடையில் 40 ரூபாய்க்குக் கண்ணாடி வெட்டி வாங்கி மாற்றினேன். கொஞ்சம் தடிமன், பரவாயில்லை.

ஸ்லைடு காட்டும் பழைய புரொஜெக்டர் விளக்கில் வைத்துக் காட்டாதீர்கள், சூட்டில் கண்ணாடி வெடிக்கலாம். பின்னால் செல்போனில் வெள்ளைத் திரை வைத்தாலே போதும். வண்ணம் உள்ள பக்கத்தில் ஈரம் படக்கூடாது. பழைய பழக்கத்தில் எச்சில் தொட்டுத் துடைக்கப் போனேன், வீட்டுக்காரி கையைப் பிடித்துவிட்டாள்.

ஸ்லைடுக்கு ஐந்துக்கு ஐந்து. பேக்கிங்குக்கு ஒன்று, அதுவும் உறைமேல் ஒட்டியிருந்த தபால்தலை நன்றாக இருந்ததற்காக.