யுவாங்கன் காபி: பால் வேண்டாம், கறுப்பாகக் குடியுங்கள்

ரங்கூனில் காபி என்றால் பெரும்பாலோர்க்குக் காபி மிக்ஸ்தான். பாக்கெட்டைக் கிழி, வெந்நீரை ஊற்று, முடிந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் பித்தளை ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, மாமனார் புண்ணியத்தில். அதனால்தான் டவுனில் காபி வறுத்து விற்கும் ஒரு சின்ன ரோஸ்டர் கடையில் யுவாங்கன் காபிக் கொட்டையைப் பார்த்ததும் 250 கிராம் பை ஒன்று வாங்கினேன். வழக்கமான சிக்கரித் தூளைவிட விலை பல மடங்கு. வீட்டில் விலையைச் சொல்லவில்லை.

யுவாங்கன், தெற்கு ஷான் மலையில் தனு மக்கள் வாழும் ஊர். மேம்யோ மலை நகரத்தின் பக்கம் இருப்பதுபோல் பெரிய எஸ்டேட்டுகள் இங்கே பேச்சில் அடிபடுவதில்லை. கொல்லையிலும் சின்னத் தோட்டத்திலும் மர நிழலில் காபி வளர்க்கும் குடும்பங்கள்தான். முன்பு காய், பழம் எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்து, காயவைத்து, வந்த விலைக்கு வியாபாரிகளிடம் தள்ளிவிடுவார்கள். இப்போது சிவந்த பழத்தை மட்டும் பொறுக்கி, தரையில் படாமல் உயரமாகக் கட்டிய வலைப் பந்தலில் தோலோடு இரண்டு மூன்று வாரம் உலர்த்துகிறார்கள். 2016 வாக்கில் அமெரிக்க ரோஸ்டர்களே வாங்கத் தொடங்கினார்கள் என்றால் அந்த மெனக்கெடல்தான் காரணம்.

தோலோடு காய்வதால் கொட்டைக்கு ஒரு பழ வாசம் ஏறிவிடுகிறது. பையைத் திறந்ததும் உலர் திராட்சை மணம் சமையலறை முழுக்க. கரன்ட் போய்விட்டதால் கை மில்லில் அரைத்தேன். இளவறுவல் என்பதால் கொட்டை கல்லுபோல் இருக்கிறது, தோள் வலி நிச்சயம்.

ஃபில்டரில்தான் சிக்கல். சிக்கரி தண்ணீரில் ஊதி டிகாஷனை மெதுவாக இறங்கவிடும். இது சிக்கரி இல்லாத தூள், வெந்நீர் சட்டென்று ஓடி, டீ நிறத்தில் கீழே நின்றது. நைசாக அரைத்து, நன்றாகக் கொதித்த தண்ணீர் ஊற்றியபின் கொஞ்சம் கெட்டியாக வந்தது. பாலும் சர்க்கரையும் சேர்த்து மாமனாரிடம் கொடுத்தேன்.

“என்னம்மா, பால் திரிஞ்சிருச்சா?” என்றார்.

பால் நன்றாகத்தான் இருந்தது. இளவறுவலில் நிற்கும் புளிப்பு பாலோடு சேராது, அவ்வளவுதான். பையில் எஸ்.795 வகை என்று போட்டிருப்பதைக் காட்டி, இது கர்நாடகாவில் பலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம், மாமா என்றேன். “அப்போ கொட்டைமேல தப்பில்ல, வறுத்தவன்மேலதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி மிக்ஸ் கேட்டார்.

மத்தியானம் அதே டிகாஷனை வெந்நீரில் விளாவி, பாலும் சர்க்கரையும் இல்லாமல் நான் குடித்தேன். அடடா! முதலில் பழப் புளிப்பு, அப்புறம் வெல்லம்போல ஒரு இனிப்பு, தொண்டையில் கசப்பே இல்லை. ஆறியபின் இன்னும் நன்றாக இருந்தது. நம் ஃபில்டர் காபியை ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கடைமேல் எனக்குக் குறை உண்டு. பையில் மலைப் படம் அழகாக இருக்கிறது, வறுத்த தேதி இல்லை. எந்தக் கிராமத்துக் காபி என்றும் இல்லை. இவ்வளவு விலை வைத்து விற்கும்போது பறித்தவர்களின் ஊர்ப் பெயருக்கு அந்தப் பையில் இடமில்லையா? கேட்டதற்கு அந்தப் பெண், “அடுத்த லாட்ல போடுவோம், ஆன்ட்டி” என்றாள். பார்க்கலாம்.

கொஞ்சம் கருக்க வறுத்துத் தர முடியுமா என்றும் கேட்டேன். ஒரு கிலோ எடுத்தால் தருவார்களாம். ஃபில்டர் வைத்திருக்கும் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்தால் எடுக்கலாம்; எங்கள் தெருவில் யாராவது தயாரா?