88 கீ, 12 கிலோ: வீட்டுக்கும் மேடைக்கும் எந்த டிஜிட்டல் பியானோ?

கடைக்குள் நுழைந்ததும் டெமோ பட்டனைத்தான் முதலில் தட்டிக் காட்டுவார்கள். அதை நிறுத்தச் சொல்லிவிடுங்கள். டெமோவில் கேட்பது உள்ளே பதிந்து வைத்த இசை. ஸ்பீக்கர் எப்படி என்று அதில் தெரியும். கீ எப்படி என்று தெரியாது. ஒலி பிடிக்கவில்லை என்றால் லேப்டாப்பில் வேறு பியானோ ஒலியை ஏற்றி வாசிக்கலாம். ஸ்பீக்கர் போதவில்லை என்றால் வெளியே ஒன்றை இணைக்கலாம். கீயை மட்டும் வாங்கிய பிறகு மாற்ற முடியாது. ஆகவே காசு கொடுக்கப்போவது கீக்குத்தான் என்ற நினைப்போடு போங்கள்.

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் வீட்டுக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் ஐந்து மாடல்களுக்குள் முடிவெடுக்கலாம்: யமஹா பி-145, பி-225, ரோலண்ட் எஃப்பி-10, எஃப்பி-30எக்ஸ், கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100. ஐந்திலும் முழு அளவில் 88 கீ, உள்ளே நிஜப் பியானோ போலக் கீக்குக் கனம் தரும் சுத்தியல் பொறி, கூடவே ஸ்பீக்கர். விலையில் பி-145-ம் எஃப்பி-10-ம் முதல் படி; மற்றவை அடுத்த படி.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கீயை இப்படிச் சோதியுங்கள். நடு சி-யை மிக மெதுவாக, மூச்சைப் பிடித்தபடி, அடி வரை அழுத்துங்கள். எஃப்பி-10-ல் பாதிக்கும் கீழே போகும்போது விரலுக்கு ஒரு சின்னத் தடை தட்டுப்படும். அதைத் தாண்டிக் கீ இறங்கும். கிராண்ட் பியானோவில் சுத்தியல் விடுபடும் இடத்தில் கிடைக்கும் உணர்வு அதுதான். ரொம்ப மெதுவாக அழுத்தினால் ஒலியே வராது. அது கோளாறு அல்ல, நிஜப் பியானோவும் அப்படித்தான். அடுத்து, கீயை முழுவதும் மேலே வரவிடாமல், பாதியில் இருந்தே திரும்பத் திரும்பத் தட்டுங்கள். மூன்று சென்சார் உள்ள எஃப்பி-10 அப்போதும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒலிக்கும். இரண்டு சென்சார் மட்டும் உள்ள கருவிகளில் சில தட்டுகள் விழுங்கப்பட்டுவிடும். வேகமாக ஒரே சுரத்தை அடுக்கும் பாடம் வரும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. வெள்ளைக் கீயின் நுனியில் அழுத்திப் பாருங்கள். பிறகு அதே கீயை இரண்டு கறுப்புக் கீகளுக்கு நடுவே, உள்பக்கம் தள்ளி அழுத்துங்கள். உள்ளே போகப் போகக் கனம் கூடும். கீ உள்ளே எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது இது. மெல்லிய உடம்புக்காகப் பொறியைக் குறுக்கிய கருவிகளில் கனம் சட்டென ஏறும். பிஎக்ஸ்-எஸ்1100-ன் ஆழம் வெறும் 232 மில்லிமீட்டர். பார்க்க அழகு, சின்ன ஹாலில் சுவரோரம் ஒட்டி நிற்கும். ஆனால் பி மேஜர் கார்டில் கட்டைவிரல் கறுப்புக் கீகளுக்குள் நுழையும்போது, அந்த அழகுக்கான விலையை நம் விரல்தான் கொடுக்க வேண்டும். பி-145, பி-225 இரண்டிலும் இருப்பது ஒரே ஜிஹெச்சி என்ற குறுக்கப்பட்ட பொறி. அதில் எஃப்பி-10-ன் தடை உணர்வும் கிடையாது. கீயை மட்டும் வைத்துச் சொன்னால் முதல் படியில் எஃப்பி-10 தெளிவாக முந்துகிறது. எஃப்பி-10-ல் உள்ள பிஹெச்ஏ-4 என்ற பொறியையேதான் எஃப்பி-30எக்ஸிலும், மேடைக்கென்று வரும் ஆர்டி-88-லும் ரோலண்ட் போடுகிறது. இதற்கு மேல் ஒரு சான்று வேண்டியதில்லை. எஃப்பி-10-ன் கீ மேல்பரப்பு சொரசொரப்பானது என்பதால், சித்திரை வெயிலில் கை வியர்த்தாலும் வழுக்காது.

எஃப்பி-10-ன் குறை ஒலி வெளியே வரும் வழியில் இருக்கிறது. ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்திருக்கிறது. கட்டிலிலோ மெத்தை விரித்த மேசையிலோ வைத்தால் ஒலி அமுங்கிவிடும். சட்டம் போட்ட ஸ்டாண்டில், கீழே காற்று போகும்படி வைக்க வேண்டும். மேடைக்காரருக்கு இன்னும் பெரிய குறை உண்டு, அது பின்னால் வரும்.

பாலிஃபோனி என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் உயிரோடு இருக்கலாம் என்பது. பி-145-ல் 64, எஃப்பி-10-ல் 96, பி-225-லும் பிஎக்ஸ்-எஸ்1100-லும் 192, எஃப்பி-30எக்ஸில் 256. பத்து விரலுக்கு 64 எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்தபடி கீழிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போகும்போது முந்தைய சுரங்கள் எல்லாம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஸ்டீரியோ ஒலி என்றால் ஒரு சுரத்துக்கு இரண்டு இடம் போகும். இடம் தீர்ந்ததும் கருவி பழைய சுரத்தை வெட்டும். பியானோ தேர்வில் முதல் மூன்று நான்கு கிரேடு வரை இது காதில் படாது. பியானோவோடு ஸ்ட்ரிங்ஸையும் சேர்த்துப் போட்டு வாசித்தால் 64 தடுமாறும்.

எத்தனை வாய்ஸ், அதாவது பியானோ, ஆர்கன் என எத்தனை வகை ஒலி, என்ற எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். 10 வாய்ஸ் உள்ள பி-145-ல் வீட்டில் தினமும் வாசிப்பது முதல் ஒன்றுதான்.

பெடல் விஷயத்தில் ஏமாற வேண்டாம். பெட்டியோடு வரும் சின்னச் சதுரப் பெடல் வெறும் சுவிட்ச்: மிதித்தால் ஆன், விட்டால் ஆஃப். மொசைக், கிரானைட், டைல்ஸ் எந்தத் தரையிலும் அது காலுக்கு முன்னால் ஓடும். அடியில் அலமாரிக்கு விரிக்கும் வழுக்காத ரப்பர் பாயை ஒட்டினால் அந்தத் தொல்லை தீரும். அரைப் பெடல், அதாவது பாதி மட்டும் மிதித்து வாசிப்பது, பழக வேண்டியவர்களுக்கு, எஃப்பி-10-க்கு டிபி-10, பி-225-க்கு எஃப்சி3ஏ எனத் தனியே வாங்க வேண்டும். ஒரு கம்பெனி பெடலை இன்னொரு கம்பெனி கருவியில் மாட்டினால் சில நேரம் தலைகீழாக வேலை செய்யும்: மிதித்தால் ஒலி நிற்கும், விட்டால் நீளும். பெடல் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். கருவியை அணைத்து, பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பல கருவிகள் அந்த நேரத்தில்தான் பெடலின் போக்கைப் படித்துக்கொள்கின்றன. அப்படியும் சரியாகாவிட்டால், பெடலின் அடியில் இந்தப் போக்கை மாற்றும் போலாரிட்டி சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

"ஏனுங்க, 61 கீ போர்டு வாங்குனாப் போதாதுங்களா?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு கேள்வி: பிள்ளை எழுதப்போவது பியானோ தேர்வா, கீபோர்டு தேர்வா? டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் இரண்டும் வெவ்வேறு பாடத்திட்டம். கீபோர்டு பாடத்துக்குத் தாளத்தோடு பின்னணி போடும் ஸ்டைல்கள் வேண்டும். பி-145-லும் எஃப்பி-10-லும் அவை இல்லை. பியானோ பாடத்துக்குக் கனமான கீயும் பெடலும் வேண்டும். 61 கீ போர்டில் அந்தக் கனமான கீ பெரும்பாலும் இருக்காது. டீச்சரிடம் இந்த ஒன்றைக் கேட்காமல் வாங்கினால் முதல் வருடத்திலேயே இரண்டாவது கருவி வாங்க நேரும்.

பாடகர்களுக்கு வாசிப்பவர்கள், விரல் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் சுருதியைக் கட்டையில்தான் சொல்வார்கள். 1 கட்டை என்றால் சி. அங்கே டிரான்ஸ்போஸ் 0. 1½ கட்டைக்கு +1, 2-க்கு +2, 2½-க்கு +3, 3-க்கு +4, 4-க்கு +5. யமஹா பி வரிசையில் எல்லை -6 முதல் +6 வரை என்பதால், பெண் குரலுக்கு வழக்கமான 5 கட்டையை மேலே ஏற்ற முடியாது. -5 போட வேண்டும். 5½-க்கு -4, 6-க்கு -3. இந்தக் கருவிகளில் டிஸ்ப்ளே கிடையாது. ஃபங்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டு ஒரு கீயைத் தட்டுவதுதான் முறை, எந்தக் கீ எதற்கு என்பது கையேட்டில்தான் இருக்கும். 1½, 2½, 5, 5½ நான்குக்கும் கீயின் முன்விளிம்பில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் மேடையில் தடுமாற வேண்டாம். ஆர்மோனியத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது லேசாக முட்டினால் டியூனிங்கை நகர்த்துங்கள். 440 ஹெர்ட்ஸில் இருந்து சுமார் 415 வரை இறங்கும், 466 வரை ஏறும்.

கமகம் கேட்டால் டிஜிட்டல் பியானோ தராது. வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் மேலே சொன்ன ஐந்திலும் இல்லை. கல்யாண லைட் மியூசிக்கில் நாதஸ்வரம், புல்லாங்குழல் பிட் வாசிப்பவர்கள் கேசியோவில் பிஎக்ஸ்-எஸ்3100-ஐப் பார்க்கலாம். சக்கரம் உண்டு, 700 ஒலிகள், ஆறு ஏஏ பேட்டரியிலும் ஓடும். ஆனால் கீ, எஸ்1100-ன் அதே குறுகிய பொறி.

மேடைக்கு எஃப்பி-10-ம் பி-145-ம் ஏன் கூடாது என்பதற்குக் காரணம் பின்பக்கத்தில் இருக்கிறது. இரண்டிலும் மிக்ஸருக்கு ஒலி அனுப்பும் லைன் அவுட் ஜாக் இல்லை, ஹெட்ஃபோன் ஜாக்கில் இருந்துதான் மிக்ஸருக்குப் போக வேண்டும். ஜாக்கைச் செருகியதும் கருவியின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். வாசிப்பவருக்குத் தன் ஒலியே கேட்காது. எஃப்பி-10-ல் அது செல்போன் அளவு 3.5 மில்லிமீட்டர் ஜாக். கேபிளை யாராவது மிதித்தால் கரகரப்பு ஆரம்பித்துவிடும். அவசரத்துக்குச் சவுண்ட் சர்வீஸ்காரர் கிட்டார் கேபிளை மாட்டினால், மோனோ பின் வலப்பக்கச் சேனலை எர்த்தோடு சேர்த்துவிடும். பாதி ஒலி போகும், உள்ளே ஆம்ப்ளிஃபயருக்கும் சிரமம். அங்கே போட வேண்டியது ஒரு பக்கம் ஸ்டீரியோ பின்னும் மறுபக்கம் இரண்டு மோனோ பின்னும் உள்ள ஒய் கேபிள். பி-225, எஃப்பி-30எக்ஸ், பிஎக்ஸ்-எஸ்1100 மூன்றிலும் இடம் வலம் என்று தனி லைன் அவுட் உண்டு. ஒரே கேபிள்தான் இருக்கிறது என்றால் இடப்பக்க ஜாக்கில் மாட்டுங்கள். மண்டபத்தில் மிக்ஸர் தூரமாக இருந்தால் நடுவில், நீளக் கேபிளில் இரைச்சல் ஏறாமல் காக்கும் டிஐ பாக்ஸ் கட்டாயம். ஜெனரேட்டர் ஓடும்போது ம்ம்ம் என்று ஹம் வந்தால் அதிலுள்ள, எர்த் இணைப்பைப் பிரிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளுங்கள். அதற்கும் போகாவிட்டால், லேப்டாப்பை இணைத்திருந்தால் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

சர்ச்சில் வாசிப்பவர்களைத் தவறாமல் கவிழ்க்கும் ஒன்று ஆட்டோ பவர் ஆஃப். யமஹாவும் ரோலண்டும் 30 நிமிடம் கீ தொடாமல் இருந்தால் தாமாக அணையும். பிரசங்கம் முடிந்து பாட்டுக்குக் கை வைத்தால் ஒலி இருக்காது. யமஹா பி வரிசையில் இடக்கோடிக் கீயை அழுத்தியபடி பவரை ஆன் செய்தால் அந்த வசதி ரத்தாகும். ரோலண்டில் ஃபங்ஷன் பட்டன் வழியாக மாற்றலாம். வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

புளூடூத் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வயர் இல்லாத ஹெட்ஃபோன் போடலாம் என்று நினைக்க வேண்டாம். பி-225-ம் எஃப்பி-30எக்ஸும் செல்போனில் ஓடும் பாட்டைப் பெற்று ஒலிக்கும், தம் ஒலியை வெளியே அனுப்பாது. அனுப்பினாலும் தாமதம் இருக்கும். விரலுக்கும் காதுக்கும் ஒட்டாது. எஃப்பி-10-ல் புளூடூத் ஆப்பைக் கட்டுப்படுத்த மட்டும்தான். கம்ப்யூட்டரில் இணைக்க இவற்றுக்கு வேண்டியது பழைய பிரிண்டர் கேபிள்.

தூசியைப் பற்றித் திருப்பூர், பல்லடம், கரூர்க்காரர்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு கீயின் அடியிலும் ரப்பர் தொப்பிக்குள் கறுப்புக் கார்பன் பொட்டுகள் இருக்கும். முதல் பொட்டு தொடுவதற்கும் அடுத்தது தொடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்று கருவி 1 முதல் 127 வரை கணக்கிடுகிறது. பஞ்சுத் தூசி முதல் பொட்டில் படிந்தால் அது தாமதமாகத் தொடும். இடைவெளி குறைந்ததாகக் கணக்காகி, மெல்லத் தொட்டாலும் அந்தக் கீ மட்டும் அலறும். அடுத்த பொட்டில் படிந்தால் கீ ஊமையாகிவிடும். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மாதங்களில் ஜன்னலோரம் கருவியை வைத்தால் இது சீக்கிரம் வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தால் சரியாகிவிடும், போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆனால் 88 கீயையும் கழற்றி வரிசை மாறாமல் மாட்டும் வேலை அது. பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். பழைய கருவி வாங்கும்போதும் இதே காரணத்துக்காக ஒவ்வொரு கீயையும் மெதுவாக ஒருமுறை, பலமாக ஒருமுறை தட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

இரவில் துணி மூடிவிடுங்கள். கருவியின் வெதுவெதுப்புக்குப் பல்லி உள்ளே போகும். போர்டில் அதன் எச்சம் பட்டால் செம்புக் கோடு அரிக்கும்.

அடாப்டரில் இன்புட் 100-240 வோல்ட் என்று இருந்தால் கரன்ட் குறைவாக வரும் ஊரிலும் ஸ்டெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது இடி மின்னலுக்கும், கரன்ட் போய்த் திரும்ப வரும் நொடிக்கும்தான். அப்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அடாப்டர் தொலைந்தால் வோல்டேஜ் மட்டும் பார்த்து வேறொன்றை மாட்டக் கூடாது. நடுப்பின் பாசிட்டிவா நெகட்டிவா என்ற சின்னப் படம் கருவியின் பின்னால் இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

எடுத்துச் செல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. பி-145 11.1 கிலோ, பிஎக்ஸ்-எஸ்1100 11.2, எஃப்பி-10 12.3, ஆர்டி-88 13.5, எஃப்பி-30எக்ஸ் 14.8. யமஹா சிபி88 போன்ற முழு மேடைக் கருவி 18.6, ஸ்பீக்கரும் கிடையாது. தூக்குவதைவிட நீளம்தான் தொல்லை. எஃப்பி-10 1284 மில்லிமீட்டர், பி-145 1326. சின்னக் காரின் பின்சீட்டில் ஒன்று நுழையும், மற்றொன்று கதவில் இடிக்கும். டேப்பை எடுத்துப்போய்க் காரை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பெட்டியையும் தெர்மாகோலையும் எறிந்துவிடாதீர்கள். சர்வீஸுக்குப் பார்சல் போட வேண்டிய நாளில் அதற்கு ஈடான பெட்டி எங்கும் கிடைக்காது.