வெள்ள அபாய ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாங்கள் 22 குடும்பம். ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டு, மொத்தம் 1,10,000 ரூபாய் கட்டி, எங்கள் குடியிருப்புக்கு ஒரு வெள்ள அபாய ரிப்போர்ட் வாங்கினோம். அதை நம்பி வீடு கட்டினார்கள், ரோடு போட்டார்கள், நான் பட்டறை கட்டினேன். போன ஐப்பசிக் கடைசியில் ஒரே ராத்திரி மழையில் எல்லாருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர். அந்த கன்சல்டன்சியின் பெயரை இங்கே எழுதவில்லை, வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. ஆனால் எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி ரிப்போர்ட் வாங்க நினைக்கிற சங்கமோ ஊராட்சியோ இருந்தால் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் காரைக்குடிப் பக்கம் தரையில் பதிக்கிற ஆத்தங்குடி கல் போடுகிற பட்டறை வைத்திருக்கிறேன். பழைய இடம் போதவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கண்மாய்க்கு (ஏரிக்கு) மேல்புறம் மனை வாங்கினேன். அப்ரூவல் உள்ள மனைதான். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சரி. அந்த மனைப்பிரிவின் ஓரத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் வரத்துக்கால் ஒன்று இருக்கிறது. அதைக் கடந்துதான் உள்ளே ரோடு போட வேண்டும். என்ன அகலத்தில் பாலம் வேண்டும், தளம் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊராட்சியில் கேட்டோம். "முறையா ஒரு ஆய்வு பண்ணி ரிப்போர்ட் கொண்டாங்க, அதை வச்சு அடுத்த திட்டத்துல சேர்த்துடலாம்" என்றார்கள். நியாயமான பேச்சு. அதனால்தான் அந்த கன்சல்டன்சியைத் தேடிப் போனோம்.

அவர்கள் கொடுத்த கொட்டேஷனில் கள ஆய்வு, மட்ட அளவீடு (தரை எங்கே எவ்வளவு உயரம் என்று அளப்பது), டிரோன் படம் என்று இதற்கு மட்டும் 40,000 ரூபாய் தனியாகப் போட்டிருந்தது. ஆறு வாரத்தில் 46 பக்க ரிப்போர்ட் வந்தது. கலர் கலராக வரைபடம். எங்கள் மனைகள் எல்லாம் பச்சையில் இருந்தன. பச்சை என்றால் 'குறைந்த அபாயம்'. தளத்தை ஒரு அடி உயர்த்தினால் போதும், வரத்துக்காலில் ஒரு அடி விட்டத்தில் இரண்டு பைப் போட்டு மேலே ரோடு போட்டுக்கொள்ளலாம் என்று பரிந்துரை. ஊராட்சியும் அப்படியே செய்தது. நானும் ஒரு அடி உயர்த்தி ஷெட்டைப் போட்டேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். ஆறு மாதக் கைக்குழந்தை அவளுக்கு. "அண்ணே, கட்டில் கால் முங்கிருச்சு" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் மெயின் ரோட்டுக்கு வந்தோம். அந்த இருட்டில் எது ரோடு, எது வாய்க்கால் என்று தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. சிமென்ட் போனது, காசு போனது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

விடிந்து பார்த்தால் பட்டறைக்குள் ஒன்றேகால் அடி தண்ணீர். எங்கள் தொழிலில் கண்ணாடி மேல்தான் கலர் ஊற்றுவோம். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. அடுக்கி வைத்திருந்த கண்ணாடிகளில் பாதிக்கு மேல் சாய்ந்து உடைந்திருந்தன. சிமென்ட் மூட்டைகளில் கீழ் இரண்டு வரிசை, மொத்தம் 43 மூட்டை, மூட்டை வடிவத்திலேயே பாறையாக இறுகிவிட்டது. சலித்து வைத்த மணலில் சேறு.

ரிப்போர்ட்டை அன்றைக்குத்தான் ஒழுங்காக எடுத்துப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், நீங்கள் படித்துவிடுங்கள். 17-ஆம் பக்கத்தில் 'ஆற்றின் இடது கரை' என்று வருகிறது. எங்கள் ஊரில் ஆறே கிடையாது. வேறு ஏதோ ஊருக்கு எழுதியதை ஒட்டியிருக்கிறார்கள். கள ஆய்வுப் படம் என்று போட்டிருந்த இரண்டு போட்டோவில் கரிசல் மண். எங்கள் பக்கம் கடப்பாரையைப் போட்டால் செம்மண், அதற்குக் கீழே செம்புறாங்கல். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'நேரடி மட்ட அளவீடு செய்யப்படவில்லை' என்று ஒரு வரி. 40,000 ரூபாய் வாங்கியது அதற்காகத்தான்.

அப்படியானால் அந்தப் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது? காரைக்குடியில் சிவில் படித்த என் மைத்துனர் உட்கார்ந்து விளக்கினார். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் மட்ட வரைபடத்தை எடுத்து அதன் மேல் கலர் அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது ஏறக்குறைய 22 சென்ட் நிலத்துக்கு ஒரே ஒரு மட்டம். என் மனை 6 சென்ட். போதாததற்கு, அந்த மட்டத்திலேயே சில மீட்டர் பிழை இருக்கலாம். ஒரு மாவட்டம் முழுக்கப் பார்த்து எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தோராயமாகச் சொல்ல அது உதவும், அதில் குற்றமில்லை. ஆனால் நம் பக்கம் நிலம் தட்டையானது. வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பது இங்கே ஒரு சாண், இரண்டு சாண் வித்தியாசத்தில் முடிவாகிறது. அந்தக் கட்டத்துக்குள் கண்மாய்க் கரையும் தெரியாது, வரத்துக்காலும் தெரியாது.

மழைக் கணக்கில் இன்னொரு அநியாயம். ஆண்டுச் சராசரி மழையை வைத்து 'மிதமான மழை பெறும் பகுதி' என்று எழுதியிருக்கிறார்கள். வருடத்துக்கு எவ்வளவு பெய்கிறது என்பது விவசாயத்துக்குத் தேவை. வெள்ளத்துக்குத் தேவை, சில மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்பது. 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அதி கனமழை என்று வானிலை ஆய்வு மையம் வகை பிரித்து வைத்திருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதைப் பார்த்த பிறகும் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவதை என்னவென்று சொல்வது?

நீங்களே போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. எங்கள் வரத்துக்காலுக்குத் தண்ணீர் வடிந்து வரும் நிலம் சுமார் 100 ஏக்கர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்து, அதில் பாதி பூமிக்குள் போய், பாதி ஓடி வருகிறது என்று வையுங்கள். ஏறக்குறைய 1 கோடி லிட்டர். விநாடிக்கு 2,800 லிட்டர். ஒரு அடி பைப் இரண்டு போட்டால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் விநாடிக்கு 300 லிட்டரைத் தாண்டுவது கஷ்டம். மீதி எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குள்தான் வந்தது.

'25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தையும் தாங்கும்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்து நாங்கள் எல்லாரும் நிம்மதி அடைந்தோம். ஒருமுறை வந்தால் அப்புறம் 25 வருடம் வராது என்று நினைத்தோம். அதற்கு அர்த்தம் அதுவல்ல. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கு 4 வாய்ப்பு. 30 வருடம் வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு, அதற்குள் ஒருமுறையாவது அந்த அளவு வெள்ளம் வர நூற்றுக்கு 70 வாய்ப்பு. இந்தக் கணக்கை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்வதுதான் அவர்கள் வேலை.

எனக்கு மிகவும் ஆறாத விஷயம் கண்மாய்தான். நம் பக்கம் தண்ணீர் கண்மாய் கண்மாயாக இறங்கி வருவது. மேலக் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போனால், அதுதான் கீழக் கண்மாய்க்கு வரத்து. ரிப்போர்ட்டில் எங்கள் கண்மாயை ஒரு நீலப் புள்ளியாக வைத்துவிட்டு விட்டார்கள். அது நிறைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியே இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு நாங்களே லெவல் மெஷின் வாடகைக்கு எடுத்து, ஒரு சர்வேயரைக் கூட்டி வந்து, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்கில் ஆரம்பித்து என் பட்டறை வாசல் வரை மட்டம் எடுத்தோம். அரை நாள் வேலை. கலுங்கு மட்டத்தைவிட என் தளம் நாலு அங்குலம்தான் உயரம். அதிலும் இன்னொன்று. கண்மாய் நிறைந்து மறுகால் போகும்போது தண்ணீர் கலுங்கு மட்டத்தோடு நிற்காது, அதற்கு மேலேயும் ஒரு அடி அளவுக்கு ஏறி நின்றுதான் வழியும். ஆக அந்த ராத்திரி எங்கள் பைப்புகளின் மறுவாய் கண்மாய்த் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். புது ரோடு கரை மாதிரி நடுவில் தடுத்துக்கொண்டது. இந்த அரை நாள் வேலையைத்தான் 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்யாமல் விட்டார்கள்.

அந்தப் பொட்டலில் வருடா வருடம் ஆடு மேய்க்க வரும் வயதான கீதாரி ஒருவர் இருக்கிறார். நாங்கள் மட்டம் எடுக்கும்போது கம்பை ஊன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மொதல்ல வந்த ஆளுக யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அப்பு. ஐப்பசி, கார்த்திகையில இந்தப் பக்கம் நாங்க கிடை போட மாட்டோம். மேலக்கமா மறுகா போனா இங்கதான் வந்து நிக்கும்" என்றார். ஆட்டுக்கே ஆகாது என்று ஒதுக்கிய இடத்தில் நாங்கள் குழந்தைகளோடு படுத்திருக்கிறோம். கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் தெரிந்திருக்கும். அந்த மனைக்கு ஊரில் பழைய பெயர் 'ஓடைப் புஞ்சை' என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நம் ஊர்களைக் கட்டியவர்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணையைத் தொட வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் கொண்டதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அந்தப் பயத்தில்தான் மேடாகக் கட்டினார்கள் என்று நகரத்தார் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓட்டுக் கூரையிலிருந்து வளவுக்கு (நடு முற்றத்துக்கு), வளவிலிருந்து வடிகாலுக்கு, அங்கிருந்து ஊரணிக்கு என்று தண்ணீருக்கு முதலில் வழி விட்டுவிட்டுத்தான் தெருவே போட்டிருக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. தூணையும் கதவையும் பற்றியே பேசுகிறோம், இந்த வடிகாலைப் பற்றியும் பேச வேண்டும்.

சரி, ரிப்போர்ட் வாங்கப் போகிறவர்களுக்கு. பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் புல எண்ணைப் போட்டு அரசின் இணையச் சேவையில் புலப்படத்தை (நிலத்தின் அளவுகள் உள்ள சர்வே படத்தை) பாருங்கள், இலவசம்தான். எங்கள் புலப்படத்தில் வரத்துக்கால் 6 மீட்டர் அகலம் இருக்கிறது, தரையில் இரண்டு பைப். அதைப் பார்த்த அன்றே எங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். கிராம வரைபடத்தையும் வைத்து உங்கள் கண்மாய்க்கு மேலே எத்தனை கண்மாய் என்று எண்ணுங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்கள் வரும், அதில் டிசம்பர், ஜனவரிப் படங்களைத் தேடிப் பாருங்கள், ஈரம் எங்கே நிற்கிறது என்று தெரியும். கோடையில் எடுத்த படம் எதற்கும் உதவாது.

கன்சல்டன்சியிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: கலுங்கு மட்டம், வரத்துக்கால் அடிமட்டம், ரோட்டு மட்டம், ஒவ்வொரு வீட்டின் தளமட்டம் ஆகியவை அளந்து தரப்பட வேண்டும், அளக்கும்போது நம் ஆள் ஒருவர் கூட நிற்பார், அளவுப் புத்தகத்தின் நகல் வேண்டும். கடைசித் தவணையை இதையெல்லாம் பார்த்த பிறகு கொடுங்கள். நாங்கள் முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிட்டோம்.

போன் செய்து கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். "'குறைந்த அபாயம்'னுதானே போட்டிருக்கோம், 'அபாயமே இல்லை'ன்னு போடலையே சார்." அதற்கு அப்புறம் போனை எடுப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்கிறார்கள்.

இரண்டு பைப்பை எடுத்துவிட்டு வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பாலம் வேண்டும் என்று, நாங்கள் எடுத்த மட்டக் கணக்கோடு கிராம சபையில் மனு கொடுத்திருக்கிறோம். பட்டறைச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவர்கள் வீட்டுச் சுவரில் போட்டிருக்கிறாள். அடுத்து யார் அளக்க வந்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்லப் போகிறோம்.