ஆத்தா கடை: காய் புதுசு, ஆள் இல்லை

ஈரோடு மாவட்டத்தில், அத்தாணியிலிருந்து அந்தியூர் போகும் சாலையில், ஒரு புளியமரத்தை ஒட்டித் தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று இருக்கிறது. எட்டடிக்கு ஆறடி. பெயர்ப்பலகை கிடையாது, கேட்டால் ஆத்தா கடை என்பார்கள். இரண்டு தட்டுப் பலகை, ஒரு சிலேட்டு, சிலேட்டில் சாக்பீஸால் விலை: வெண்டை அரைக் கிலோ கட்டு 20, கத்திரி அதே விலை, தட்டைக்காய் ஒரு கைப்பிடி 10, அரசாணிக்காய்த் துண்டு 15, கீரைக் கட்டு 15, பூவன் சீப்பு 40. கறிவேப்பிலை இனாம். நடுக்காலில் சங்கிலி போட்டுக் கட்டிய பழைய பால் கேன், மூடியில் காசு போட ஓட்டை. அதுதான் கல்லா. கடையில் ஆள் இல்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆறு மாதமாக வாரத்துக்கு இரண்டு முறை போகிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் காய். அரக்கன்கோட்டை வாய்க்கால் பாயும் பூமி, குறை சொல்ல ஒன்றுமில்லை. வெண்டையின் முனை டக்கென்று ஒடிகிறது. பூவன் கல் வைத்துப் பழுக்க வைத்ததல்ல, தாரிலேயே ஒவ்வொரு சீப்பாகப் பழுத்தது. அதனால் ஒரே சீப்பில் இரண்டு பழம் நாளைக்குத்தான் ஆகும். கட்டு அரைக் கிலோ இருக்கிறதா என்று சந்தேகப்பட்டு, ஐந்து முறை வீட்டுத் தராசில் நிறுத்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை, ஒரு கட்டு 560 கிராம் இருந்தது. (எங்கள் வீட்டுக்காரி, "காய் வாங்கப் போனீங்களா, பரீட்சை பேப்பர் திருத்தப் போனீங்களா?" என்றாள்.) கீரையில் மண் எச்சு, மூன்று தண்ணீர் விட்டு அலச வேண்டும். கத்திரியில் அவ்வப்போது சொத்தை வரும். ஆள் இருந்தால் மாற்றிக் கேட்கலாம். பால் கேனிடம் என்ன கேட்பது?

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், 34 வருட சர்வீஸ். அந்தக் கடைக்கு முதலில் போனது காய்க்காக இல்லை, கடையைச் சோதித்துப் பார்க்கத்தான். கிரேக்கத்துப் பிளேட்டோ எழுதிய உரையாடல்களில் ஒரு கதை வரும். லிடியா நாட்டு இடையன் ஒருவன், பூமி பிளந்த பள்ளத்தில் இறங்கி, வெண்கலக் குதிரைக்குள் கிடந்த பிணத்தின் விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றிக்கொள்கிறான். அதைத் திருப்பிப் போட்டால் ஆள் மறைந்துவிடுவான். அப்புறம் என்ன, அரண்மனைக்குப் போய் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடித்துக்கொள்கிறான். கிளாக்கன் என்பவர் இதைச் சொல்லிவிட்டுக் கேட்கிறார்: அந்த மோதிரம் நல்லவனிடம் ஒன்று, கெட்டவனிடம் ஒன்று இருந்தால், இரண்டு பேரும் ஒரே வழியில்தானே போவார்கள்? மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் நாம் அறம் என்று பேர் வைத்திருப்பது என்கிறது அந்தக் கட்சி.

ஆத்தா கடை அந்த மோதிரத்தை 15 ரூபாய்க் கீரைக் கட்டு அளவுக்குச் சுருக்கி, தினமும் சாலையோரத்தில் தொங்க விடுகிறது. மாட்டினால்தானே பயம்? இங்கே மாட்ட வழியே இல்லை. கேமரா கிடையாது. "கடவுள் பார்க்கிறார்" என்ற பலகைகூடக் கிடையாது. காந்தி ஜெயந்திக்கு ஒருநாள் ஆளில்லாக் கடை போடும் ஊர்கள் நம் நாட்டில் உண்டு. அவற்றைக் குறை சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும், நேர்மையைப் பார்க்கத்தான் கடை என்று. தேர்வு நாளில் பையன்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை என்ன செய்கிறார்கள் என்பதே என் கேள்வி.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பார்த்தேன். வெட்கம் கெட்ட வேலைதான். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பால் ஊற்றப் போனவர் ஒருவர் கத்திரி எடுத்துக்கொண்டு இருபது ரூபாய்த் தாளை மடித்துப் போட்டார். காரில் வந்தவர் ஜிபே செய்தார். அந்தக் க்யூஆர் அட்டை பின்னால் ஒட்டப்பட்டது, மழையில் ஓரம் உரிந்து தொங்குகிறது, சில நாள் வேலை செய்யாது. ஒரு விஷயம் கவனித்தேன். ஜிபேகாரர்கள் சிலேட்டில் போட்டதைப் பைசா பிசகாமல் அனுப்புகிறார்கள். காசு போடுகிறவர்களில் சிலர் 35-க்கு 40 போட்டுவிட்டு மீதி கேட்க வழியில்லாமல் போகிறார்கள். ஜிபேயில் போட்டவர் பெயர் பதிவாகிவிடும், பால் கேனில் பதியாது. ஆக மோதிரம் யாரிடம் என்று பார்த்தால் காசுக்காரரிடம்தான். அவர்தான் அஞ்சு ரூபாய் எச்சாகப் போகிறார். கிளாக்கன் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியவில்லை.

சில்லறைப் பிரச்சினையைத் தீர்க்க ஒரு டப்பாவில் அஞ்சும் பத்துமாகப் போட்டு வைக்கலாமே என்று ஆத்தாளிடம் சொன்னேன். "அத எடுத்துட்டுப் போய்ட்டா?" என்றார். பால் கேனை நம்புகிறவர் டப்பாவை நம்பவில்லை! மூடி போட்ட நம்பிக்கை வேறு, திறந்து வைத்த நம்பிக்கை வேறு போலிருக்கிறது.

ஆத்தாளை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். முதல் தடவை நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. "மனுசங்க மேல அவ்வளவு நம்பிக்கைங்களா ஆத்தா, கடைய இப்படி விட்டுட்டுப் போறீங்க?"

"நம்பிக்கையா? நல்லாச் சொன்னீங் வாத்தியாரே. ஊட்டுல அவுரு படுத்த படுக்கைங். ஒரு பக்கம் கை காலு வராது. ரெண்டு மணிக்கொருக்கா திருப்பிப் போடோணும், இல்லீனா முதுகு புண்ணாயிரும். கடையில குந்துனா அவுரப் பாக்க ஆளில்ல. ஊட்டுல குந்துனா காய் வாடிப் போயிரும். என்ன பண்றதுங்? பால் கேன நிக்க வெச்சுட்டேன்."

நான் அறத்தைச் சோதிக்கப் போன இடத்தில் இருந்தது இதுதான். பிளேட்டோவின் இன்னொரு உரையாடலில் தியோதிமா என்ற பெண், சாக்ரடீஸுக்குக் காதல் தெய்வத்தின் பிறப்பைச் சொல்லித் தருவாள். தேவர்கள் விருந்தில் வழிவகை என்ற தேவன் குடித்துவிட்டுத் தோட்டத்தில் தூங்குகிறான். வாசலில் பிச்சைக்கு வந்த இல்லாமை அவன் பக்கத்தில் போய்ப் படுக்கிறாள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான் காதல். அதனால் அவன் அழகனும் இல்லை, செல்வனும் இல்லை. செருப்பில்லாமல் திரிகிறவன், வாசற்படியில் படுக்கிறவன், ஆனால் எப்போதும் ஏதாவது ஒரு உபாயம் பண்ணிக்கொண்டே இருக்கிறவன். வருடக்கணக்கில் அந்தக் கதையைப் படித்திருக்கிறேன், அழகான கற்பனை என்ற அளவில். உபாயம் என்பது சங்கிலி போட்ட பால் கேனாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி, திருட்டு உண்டா இல்லையா என்று கேட்பீர்கள். ஆத்தாளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. காலையில் வைத்த கட்டு, பொழுதோட மீதியான கட்டு, கேனில் விழுந்த பணம். கணக்கு இடித்தால் எதிரே ஒரு சொல் எழுதியிருக்கும்: ஆடு. "ஆடு 10." "ஆடு 15." ஒரு பக்கத்தில் "ஆடு 40". பூவன் சீப்பு தின்ற ஆடு போலிருக்கிறது.

"நெசமாலுமே ஆடு வருதுங்களா ஆத்தா?"

"வரும் வரும். கீரைய ஆடு திங்காதுங்களா பின்ன?"

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நான் அதை அறியாமை என்று எடுத்துக்கொள்ளவா, அறிவு என்று எடுத்துக்கொள்ளவா? "நம்மூர்க்காரங்க எடுக்க மாட்டாங்க" என்று அவர் சொல்வது தெரிந்து சொல்வதா, நினைத்துச் சொல்வதா? மெனோன் என்ற இளைஞனோடு பேசும்போது சாக்ரடீஸ் இதே இடத்தில்தான் நிற்பார். லாரிசா ஊருக்கு வழி தெரிந்தவனும் போய்ச் சேர்வான், வழி இதுதான் என்று சரியாக யூகித்தவனும் போய்ச் சேர்வான், அப்புறம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சரியான யூகம், கிரேக்கப் புராணச் சிற்பி டைடலஸ் செய்த சிலைகள் மாதிரி, கட்டிப் போடாவிட்டால் ஓடிவிடும் என்பார். காரணம் தெரிந்திருப்பதுதான் அந்தக் கயிறு. ஆத்தாளுக்குக் காரணம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கயிறு கட்டத் தெரிந்திருக்கிறது, ஆடு என்று பேர் போட்டு.

அந்த உரையாடல் கணக்கு வாத்தியார்களுக்கு ரொம்ப வேண்டியது. ஞாயிறன்று ஆத்தாளின் மகளோடு பேரனும் வருவான், ஏழாவது படிக்கிறான். அதில் வரும் சதுரக் கணக்கை அவனிடம் போட்டுப் பார்த்தேன். குச்சியால் மண்ணில் ஒரு சதுரம் போட்டேன். "தம்பி, இது மஞ்சள் காயப்போடற களம். பக்கத்துக்கு ரெண்டு தப்படி. இதே சதுரமா, ரெண்டு மடங்கு மஞ்சள் காயற அளவுக்குக் களம் வேணும். பக்கம் எத்தனை தப்படி?" யோசிக்கவே இல்லை. "நாலுங் சார்." போடச் சொன்னேன். பதினாறு வந்தது, வேண்டியது எட்டு. தலையைச் சொறிந்துகொண்டு "மூணுங்" என்றான். ஒன்பது வந்தது. அப்புறம் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "தெரியலைங் சார்."

கிட்டத்தட்ட 2,400 வருடத்துக்கு முன்னால், மெனோனின் அடிமைப் பையன் இதே நாலு, இதே மூன்று, இதே தெரியவில்லையைத்தான் சொன்னான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூலைக்கு மூலை கோடு போட்டால் அந்தக் கோடுதான் விடை. அதை அவனே கண்டான் என்று எழுத ஆசைதான். நான்தான் போட்டுக் காட்டினேன். பிளேட்டோவிலும் சாக்ரடீஸேதான் கோட்டைப் போட்டுக் காட்டுகிறார். பையன் ஏற்கனவே அறிந்ததை நினைவுகூர்ந்தான் என்று அவர் சொல்வதை நான் நம்பவில்லை. "தெரியலைங்" வரைக்கும் பையன் தானாக வந்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதுவே பெரிய தூரம்.

சாக்ரடீஸ் மெனோனோடு பேசிய பேச்சு தொடங்கியதே சதுரத்தில் இல்லை, அறத்தைக் கற்றுத்தர முடியுமா என்ற கேள்வியில். ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோகிளீஸ் தன் மகனைக் குதிரைமேல் நின்றபடியே ஈட்டி எறியப் பழக்கினார், ஆனால் அந்த மகன் அப்பனைப் போல நல்லவன், விவேகி என்று யாரும் சொல்லவில்லையே என்று கேட்பார் சாக்ரடீஸ். அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த உதாரணம் உடனே பிடிபடும். குதிரையைப் பழக்கலாம், குதிரைக்காரனை? கரும்பலகையில் தினம் ஒரு நன்மொழி எழுதியவன் நான். 34 வருடம். பலன் என்ன என்று பார்க்க வெளியே தேட வேண்டியதில்லை, என்னையே பார்க்கலாம்.

இரண்டாவது மாதம் என்று நினைக்கிறேன். கீரைக் கட்டு எடுத்தேன். பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டும். க்யூஆர் அட்டை வேலை செய்யவில்லை. அடுத்த முறை சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த முறை ஞாபகம் இருந்தது, ஆனால் கையில் சரியாக வெண்டைக்கு 20 இருந்தது. அதற்கடுத்த முறை ஞாபகம் வந்ததும், பதினஞ்சு ரூபாய்தானே என்றும் தோன்றியது. தீமை என்று தெரிந்தே யாரும் செய்வதில்லை, அறியாமையால்தான் செய்கிறார்கள் என்பது சாக்ரடீஸின் பிடிவாதம். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மூன்று வாரம்.

கடைசியில் ஒரு ஞாயிறன்று நேரிலேயே நீட்டினேன், விஷயத்தைச் சொல்லி. ஆத்தா நோட்டைப் பேரனிடம் கொடுத்துத் தேதி பார்க்கச் சொன்னார். அவன் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, "ஆடு 15" என்றிருந்ததை அடித்தான்.

"அன்னிக்கு வந்த ஆடு நீங்கதானுங்களா," என்றார் ஆத்தா. "இன்னும் நாலு ஆடு பாக்கி இருக்குதுங்."

போகிறவர்கள் துணிப்பை கொண்டு போங்கள், கவர் கிடையாது. பத்து ரூபாய்ச் சில்லறை கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்துங்கள், சாலை வளைவில் நிறுத்தினால் பேருந்து உரசும். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரை குறைந்தது கீரை மண்ணுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வதால் ஆத்தாளே கடையில் உட்காருவார். அன்றைக்குக் கூட்டம் சற்று அதிகம், சத்தமும் அதிகம். ஆள் இல்லாத ஆறு நாளும் சிலேட்டு சொன்ன விலையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஆளைப் பார்த்ததும் பேரம் பேசுகிறார்கள். போன ஞாயிறு நானும் பூவன் சீப்பை 35-க்குக் கேட்டேன். கொடுக்கவில்லை.